சென்னை மாநகராட்சி சொத்து வரி இணையச் சேவை: கட்டுவது எளிது, கணக்குதான் தெரியவில்லை
சாலைப் பள்ளத்தை அடைக்கவும் தெருவிளக்கைப் பராமரிக்கவும் மாநகராட்சி நம்பியிருக்கும் சொந்த வருவாயில் முக்கியமானது சொத்து வரி. இணையத்தில் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். மண்டலம், வார்டு, பில் எண், உட்பிரிவு எண் நான்கையும் பழைய ரசீதைப் பார்த்தே இடுங்கள். ஓர் இலக்கம் பிசகினால் பக்கத்து வீட்டு வரியைக் கட்டிவிடுவீர்கள். திரையில் வரும் பெயரையும் முகவரியையும் சரிபார்த்த பிறகே பணம்.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்ட வேண்டாம்; வங்கிக் கணக்கைப் பாருங்கள். குடிநீர், கழிவுநீர் வரி இதில் சேராது, அது குடிநீர் வாரியத்துக்கு.

பெரிய குறை: கட்டிய பணத்தில் நம் தெருச் சாலைக்கு எவ்வளவு போனது என்று ரசீது சொல்வதில்லை. வார்டு வாரியாக அதை அச்சிட்டே ஆக வேண்டும்.