ஃபுளோரன்ஸ் புயல்: மழைக்கோட்டு நிருபரா, ஆளில்லாத கேமராவா?

2018 செப்டம்பர் 14 அன்று ஃபுளோரன்ஸ் புயல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கரையைக் கடந்தது. அதை இரண்டு விதமாக நேரலையில் பார்க்க முடிந்தது.

ஒன்று, வழக்கமான முறை. அந்த மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், வெதர் சேனல் என்ற வானிலைத் தொலைக்காட்சியின் நிருபர் காலை அகட்டி, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு பேசினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஹாயாக நடந்து போனார்கள்! வீடியோ உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அவர் ஈரப்புல்லில் நிற்கிறார், அவர்கள் கான்கிரீட்டில் நடக்கிறார்கள் என்று சேனல் விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தது வந்ததுதான்.

இன்னொன்று, கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கடல் நடுவே இருக்கும் ஃபிரையிங் பேன் கோபுரத்தின் கேமரா. அங்கே பேச ஆளில்லை. கம்பத்தில் ஒரு கொடி மட்டும் கிழிந்து நார்நாராகிக்கொண்டிருந்தது. காற்றின் வேகத்தை இதைவிட நேர்மையாக யாரும் காட்டவில்லை. பறந்து வரும் தகரம் யார் தலையிலும் விழாது என்பது கூடுதல் வசதி.

காற்றைக் காட்ட எனக்குக் கேமரா போதும்.

ஆனால் ஃபுளோரன்ஸில் பெரிய ஆபத்து காற்றில்லை, தண்ணீர். புயல் மெதுவாக நகர்ந்ததால் சில இடங்களில் 75 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எந்தத் தெரு மூழ்கியது, யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கொடிக்கம்பம் சொல்லாது. அப்புறம் நிருபர் வரட்டும், காற்று அடங்கியபின்.