சைக்ளோன் சிமுலேஷன்: ஆறு ஆண்டு அனுபவம்

தூசு கலந்த காற்றைப் பக்கவாட்டில் நுழைத்துச் சுழலவிட்டு, துகள்களைச் சுவரோரம் ஒதுக்கிக் கீழே இறக்கும் சைக்ளோன் பிரிப்பானில் நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை எளிய கருவிக்குச் சிமுலேஷனும் எளிதாகத்தான் இருக்கும் என்று நம்பி ஆறு ஆண்டுகளுக்கு முன் இறங்கினேன். மென்பொருள், காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும், 2004-இல் திறந்தமூலமாக வெளிவந்த ஓப்பன்ஃபோம். பழகிப் பார்க்க எடுத்துக்கொண்டது ஸ்டெயர்மண்ட் என்ற ஆய்வாளர் 1951-இல் தந்த உயர்திறன் வடிவம். உருளையின் விட்டத்தைப் போல நுழைவாயில் உயரம் 0.5 மடங்கு, அகலம் 0.2 மடங்கு, தூசு நீங்கிய காற்று வெளியேறும் மேல்குழாயின் விட்டம் 0.5 மடங்கு, மொத்த உயரம் 4 மடங்கு.

முதல் மாதமே அழகான வண்ணப் படங்கள் வந்துவிட்டன. அத்தனையும் தவறு. காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிட எல்லாரும் எடுக்கும் கே-எப்சிலான் மாதிரியைத்தான் நானும் எடுத்திருந்தேன். கொந்தளிப்பு எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல இருக்கும் என்பது அதன் அடிப்படை. கடுமையாகச் சுழலும் காற்றில் அது செல்லாது. உண்மையான சைக்ளோனில் சுழல்வேகம் அச்சிலிருந்து ஏறி, மேல்குழாயின் விளிம்புக்குச் சற்று உள்ளே உச்சம் தொட்டு, பிறகு சுவரை நோக்கிக் குறையும். என் படத்திலோ ராட்டினம் சுற்றுவதுபோல மையத்திலிருந்து சுவர் வரை வேகம் ஏறிக்கொண்டே போனது. அழுத்த இழப்பும் இருக்கவேண்டியதைவிடக் குறைவாக வந்தது.

கொந்தளிப்பைத் திசைவாரியாகத் தனித்தனியே கணக்கிடும் ரெனால்ட்ஸ் தகைவு மாதிரிக்கு மாறியபின் வேறொரு தொல்லை. பிழை எச்சங்கள், அதாவது ஒவ்வொரு சுற்றுக் கணக்கிலும் சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை, அடங்கவே இல்லை. கணக்கிடுவதற்காகக் கருவியின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையைத் திருத்தினேன், நுழைவாயில், வெளிவாயில், சுவர் ஆகியவற்றுக்குத் தரும் எல்லை நிபந்தனைகளைத் திருத்தினேன், என் கணினியையும் சந்தேகப்பட்டேன். சில வாரங்கள் வீணான பிறகே உறைத்தது: எண்கள் அடங்காததற்குக் காரணம், காற்றே அடங்காததுதான். சுழலின் மையம் கருவியின் அச்சில் நிற்பதில்லை. தள்ளாடும் பம்பரத்தைப் போல அச்சைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. நிலையான ஓட்டமாகத் தீர்க்க முயன்ற நான்தான் பிழை. நேரத்தைப் பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவில் நகர்த்தி, தொடக்கக் குழப்பம் தீர்ந்தபின் சராசரி எடுத்ததும் சுழல்வேக வரைபடம் சரியான வடிவத்துக்கு வந்தது.

வலை விஷயத்தில் குறுக்குவழி இல்லை. தானியங்கியாக நிரப்பும் நான்முகிக் கட்டங்கள் அரை மணியில் தயாராகிவிடும். ஆனால் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும் அவை மையச் சுழலைக் கரைத்துவிடுகின்றன. அறுமுகக் கட்டங்களைக் கையால் அடுக்க நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளை நான் இப்போது பேரம் பேசுவதில்லை. தூசுத்தொட்டியையும் சேர்த்தே வரைகிறேன். உருளைக்குக் கீழுள்ள கூம்பின் அடியை மூடி, அங்கே தொட்ட துகளெல்லாம் பிடிபட்டது என்று கணக்கிட்டால், தொட்டிக்குள் இறங்கும் சுழல் அள்ளி மேலே கொண்டுவரும் தூசு கணக்கில் வராமல் போகும்.

அழுத்த இழப்பையும் சுழல்வேகத்தையும் இன்று ஓரளவு நம்புகிறேன். துகள் கணக்கில்தான் மனம் ஒப்பவில்லை. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட கனமான துகள்களுக்குப் பெரும்பாலும் குறையில்லை. அவை எப்படியும் சுவருக்குப் போய்விடும். ஒன்றிரண்டு மைக்ரான் துகள்களின் பாதையில் கொந்தளிப்புக்காகச் சேர்க்கும் தற்செயல் அசைவு, சுவரருகே கொந்தளிப்பு அடங்குவதைச் சரியாகப் பார்க்காததால், அவற்றைத் தாராளமாகச் சுவரில் சேர்த்துவிடுகிறது.

தூசின் அளவு கூடும்போது நிலைமை இன்னும் சிக்கல். அப்போது சைக்ளோனின் பிடிப்புத்திறன் உயர்கிறது, அழுத்த இழப்போ குறைகிறது. கேட்டால் வியப்பாக இருக்கும். சுவரில் உராயும் தூசு சுழலைத் தளர்த்துவதே அழுத்த இழப்பு குறையக் காரணம். காற்று துகளைத் தள்ளும், துகள் காற்றைத் தொடாது என்ற ஒருவழிக் கணக்கில் இது தெரியவே தெரியாது. இருவழிக் கணக்குக்குப் போனால் என் கணினியில் ஒரு வாரம் ஓடும் வேலை மூன்று வாரமாகிறது. ஆகவே தூசு குறைந்த வடிவமைப்புகளுக்கு மட்டும் டி50 எண்ணை, அதாவது பாதி பிடிபட்டு பாதி தப்பும் துகளின் அளவை, தருகிறேன். மற்றவற்றுக்கு வேகப் படத்தோடு நிறுத்திக்கொண்டு, சோதனைக் கருவி கட்டச் சொல்கிறேன்.