3,860 டாலர் ஏர்பேக்: யூட்டில் பாரம் ஏற்றுபவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

பயணம் போய்த் திரும்பி ஐந்து நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும். மெல்பர்னில் ஒரு கடையில் என் டூயல் கேப் யூட்டுக்கு (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தொட்டியும் உள்ள பிக்கப் வண்டி) ஏர்பேக் சஸ்பென்ஷன் போட்டேன். 3,860 டாலர். இன்றைக்கு வண்டி வீட்டு வாசலில் முதுகு வளைந்து நிற்கிறது. ஏர்பேக் போடலாமா வேண்டாமா, போட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஏர்பேக் என்றால் விபத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வருமே, அது இல்லை. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) நடுவில் வைக்கிற ரப்பர் காற்றுப் பை. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தணிகிறது அல்லவா, பையில் காற்று ஏற்றினால் அது மேலே எழும்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். தொழிற்பேட்டையில் ரோலர் கதவு வைத்த ஒரு ஷெட். புல்பார், வின்ச், சஸ்பென்ஷன், கூரைக் கூடாரம் எல்லாம் போடுவார்கள். நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நம்ம பையன் கடை, நல்லா பண்றான்" என்று நம்பர் கொடுத்தார். அங்கேதான் நான் விழுந்தேன்.

செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு தென் ஆஸ்திரேலியாவில் ஊட்னடாட்டா தடம் போவது என்று இரண்டு வருஷமாகத் திட்டம். மரீயில் தொடங்கி மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண் சாலை. கான் என்ற பழைய ரயில் போன வழி. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் ஒரு கேம்பர் ட்ரெய்லர். வண்டியில் ஏற்கெனவே இரும்புக் கேனப்பி (பின்தொட்டியை மூடும் கூண்டு), இழுப்பறைகள், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி எல்லாம் உண்டு. சாமான் ஏற்றி ஒரு முறை ஒத்திகை பார்த்தபோது பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ராத்திரியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஹை பீம் போட்டிருக்கிறேன் என்று நினைத்து லைட்டை அடித்துத் திட்டினார்கள். நான் போட்டிருந்தது லோ பீம்தான்.

கடைக்குப் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான் அந்தப் பையன். முப்பது வயது இருக்கும். "அண்ணா, இதுக்கு ஏர்பேக்தான் ஒரே வழி. போட்டுட்டீங்கன்னா கவலையே வேணாம், என்ன வேணா ஏத்துங்க" என்றான். நான் முட்டாள் இல்லை, ஜிவிஎம் பற்றிக் கேட்டேன். வண்டி, ஆள், சாமான், டீசல், ட்ரெய்லர் கொக்கியில் இறங்கும் பாரம் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தயாரித்தவர்கள் குறித்த எடைதான் ஜிவிஎம். என் வண்டிக்கு 3,050 கிலோ. "அதை 3,500 ஆக்கிக் கொடுக்கிறேன் அண்ணா, பேப்பரோட" என்றான். ஏர்பேக்குக்கும் கூலிக்கும் 1,150. கம்ப்ரசரும், உள்ளே டேஷ்போர்டில் ஒரு பட்டன் பெட்டியும் 890. ஜிவிஎம் அப்கிரேடு 1,820. கூட்டினால் 3,860.

கார்டை நீட்டினேன். "கார்டு போட்டா எனக்கு சார்ஜ் ஆகுது, உங்களுக்கு ஜிஎஸ்டியும் சேரும். அக்கவுன்ட்ல போட்டுடுங்க அண்ணா, நமக்குள்ள என்ன" என்றான். அந்த "நமக்குள்ள என்ன" இருக்கிறதே, அதற்குத்தான் 3,860 டாலர். அங்கேயே நின்று போனில் அனுப்பிவிட்டேன். ரசீது மெயிலில் வரும் என்றான். இரண்டு நாள் கழித்து வந்ததில் "சஸ்பென்ஷன் வேலை" என்று ஒரே வரி.

வண்டி எடுக்கப் போன அன்று சின்னவனையும் கூட்டிப்போயிருந்தேன். பையன் பட்டனை அழுத்தினான். கம்ப்ரசர் கொசு மாதிரி ஒரு சத்தம் போட்டது. வண்டியின் பின்பக்கம் மெதுவாக, யானை எழுந்திருப்பது போல, ஏறியது. சாமானோடு வண்டி நேர்மட்டமாக நின்றது. சின்னவன் கை தட்டினான். நானும் கிட்டத்தட்டத் தட்டியிருப்பேன். கண்முன்னால் தணிந்திருந்தது நிமிர்ந்துவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒரு தடவை வே-பிரிட்ஜ்ல எடை போட்டுப் பாத்துடலாமே?" பேப்பர் இருக்கிறதே என்றேன். இதை அவள் இந்த ஐந்து நாளில் ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அடிலெய்டு தாண்டி வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. "படகுல போற மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள். போர்ட் அகஸ்டாவிலிருந்து பையனுக்குப் போன் செய்தேன். "புதுசுல அப்படித்தான் அண்ணா, செட் ஆயிடும். 60 பிஎஸ்ஐ வைங்க." வைத்தேன்.

மரீயிலிருந்து முதல் நூறு கிலோமீட்டர் பரவாயில்லை. அப்புறம் சாலை நெளித் தகரம் மாதிரி ஆகிவிட்டது. டயரில் காற்றைக் குறைத்து, 60க்கு மேல் போகாமல் ஓட்டினேன், சத்தியமாக. கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி ஒரு நாற்பது கிலோமீட்டர் இருக்கும், பின்னால் டமார் என்று ஒரு சத்தம். டயர் என்று நினைத்து இறங்கினேன். நான்கு டயரும் நன்றாக இருந்தன. இடது பக்கக் காற்றுக் குழாய் சைலன்சர் பக்கம் உருகி விட்டுப்போயிருந்தது. இரண்டு பைக்கும் ஒரே குழாய், ஆகவே இரண்டுமே இறங்கி வண்டி அச்சின்மேல் உட்கார்ந்திருந்தது. சரி, பைதானே என்று நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கேபினின் பின்சுவருக்கும் கேனப்பிக்கும் நடுவில் எப்போதும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இரண்டு விரல் இடைவெளி இருக்கும். இப்போது மேலே என் உள்ளங்கை நுழைகிறது. கீழே விரல்கூட நுழையவில்லை, பெயின்ட் உரசிச் சிவப்பு மண்ணோடு ஒட்டியிருந்தது. குனிந்து கீழே பார்த்தால் சேஸிஸ், கேபினுக்குச் சற்றுப் பின்னால், வளைந்திருக்கிறது. மடிந்த இடத்தில் கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. பெரியவள் "அப்பா, வண்டி உடைஞ்சிடுச்சா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி எங்கள் தண்ணீரையும் பாதிச் சாமானையும் அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். நடை வேகத்தில் வில்லியம் கிரீக் போய்ச் சேர்ந்தோம். இரண்டு ராத்திரி. அங்கிருந்து லாரியில் ஏற்றிக் கூபர் பீடிக்கு. அதற்கெல்லாம் ஆன செலவை இந்த 3,860இல் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் எழுதும்போதே கை நடுங்கும்.

இனி அந்தப் பையனின் பதில்கள். கூபர் பீடியிலிருந்து முதல் போன்: "அச்சச்சோ அண்ணா, குழந்தைங்க ஓகேவா? நீங்க வாங்க, நான் பாத்துக்கறேன்." மனசு இளகிவிட்டது. இரண்டாவது போன்: "பை கம்பெனி வாரண்டி அண்ணா, கம்பெனிக்குத்தான் எழுதணும்." கம்பெனிக்கு எழுதினேன். வெளியேற்றுக் குழாயிலிருந்து போதிய தூரம் விடாமலும் வெப்பத் தடுப்புத் தகடு போடாமலும் பொருத்தியிருக்கிறார்கள், பொருத்தியவரைக் கேளுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மூன்றாவது போன்: "நீங்க ஓவர்லோடு போட்டிருப்பீங்க அண்ணா." 3,500 என்று பேப்பர் கொடுத்ததே நீதானே தம்பி என்றேன். "பார்ட்னர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அந்தப் பார்ட்னரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்புறம் நான் அனுப்பும் படங்களுக்கெல்லாம் இரண்டு நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "தனிப்பட்ட பிரச்சனைகளைப் பொதுவில் பேச வேண்டாம்" என்று அட்மின் நீக்கிவிட்டார். நம்பர் கொடுத்தவர் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாள் வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தார். சேஸிஸ் வேலையே நாற்பது வருஷமாகச் செய்கிற கிரேக்கக் கிழவர். அவர் சொன்னதைப் புரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன், இந்தப் பதிவில் உருப்படியான விஷயம் இதுதான்.

என் வண்டிக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங், ஊரில் லாரிக்குப் பட்டை என்போமே அது. பட்டை அதன் இரண்டு முனையிலும் சேஸிஸைத் தாங்குகிறது. பாரம் முன்முனைக்கும் பின்முனைக்கும் பிரிந்துபோகிறது. ஏர்பேக்கை நடுவில், அச்சுக்கு நேர்மேலே வைத்துக் காற்றை ஏற்றினால் பட்டையின் வேலையைப் பை பிடுங்கிக்கொள்கிறது. பாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே புள்ளியில் சேஸிஸை மேல்நோக்கி முட்டுகிறது. அச்சுக்குப் பின்னால் கேனப்பியும் தண்ணீரும் ட்ரெய்லர் கொக்கியும் சேஸிஸின் வாலைக் கீழே அழுத்துகின்றன. முழங்காலில் வைத்துக் கரும்பை ஒடிக்கிற மாதிரி. மண் சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் ஓர் அழுத்து. காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் பை அந்தச் சுருளுக்குள்ளேயே உட்காருகிறது, பாரம் ஸ்பிரிங் இறங்கும் அதே இடத்தில்தான் இறங்கும், இந்த ஒடிக்கிற ஆபத்து அங்கே குறைவு. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 60 பிஎஸ்ஐ வை என்று மட்டும் சொன்னார்கள்.

படகு மாதிரி ஆடியதற்குக் காரணம் அந்த ஒற்றைக் குழாய். வளைவில் அழுந்தும் பக்கத்துப் பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடிவிடும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய் போட வேண்டும் என்பது பாலபாடமாம். குழாய்க்கு எத்தனை டாலர் மிச்சம் பிடித்தானோ.

கடைசியாகக் கிழவர் அந்த ஜிவிஎம் பேப்பரைக் கேட்டார். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தார். பொறியாளர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, என் வண்டியின் வின் எண்கூட (வண்டிக்கே உரிய அடையாள எண்) இல்லை. கடை லோகோ மட்டும் பெரிதாக இருந்தது. பதிவான வண்டியின் ஜிவிஎம்மை விக்டோரியாவில் ஏற்ற வேண்டுமென்றால் விஏஎஸ்எஸ் (வண்டி மாற்றங்களைச் சரிபார்க்கும் மாநிலத் திட்டம்) அங்கீகாரம் உள்ள பொறியாளர் சான்றிதழ் தர வேண்டும். அதற்கென்று சோதித்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கிட்டாக வரும். வெறும் ஏர்பேக் போட்டு ஒரு கிலோகூட ஏற்ற முடியாது. ஆக 1,820 டாலர் கொடுத்து நான் வாங்கியது ஒரு பிரின்ட் அவுட்.

நேற்று உட்கார்ந்து எடை போட்டேன். குளியலறை எடை மெஷினில் ஒவ்வொரு சாமானாக, கனமானதற்கு அதன் புத்தகத்தைப் பார்த்து. காலி வண்டி 2,080, ஆகவே எனக்கு இருந்த இடம் 970 கிலோ. புல்பாரும் வின்ச்சும் 90, கேனப்பி 130, இழுப்பறை 70, கூரைக் கூடாரம் 60, பேட்டரி 50, நிரப்பிய ஃபிரிட்ஜ் 50, தண்ணீர் 80, கேன் டீசல் 35, நாங்கள் நால்வர் 260, ட்ரெய்லர் கொக்கிப் பாரம் 120, துணிமணி, கருவி, அரிசி, இட்லிச் சட்டி என்று மற்றவை 150. மொத்தம் 1,095. வரம்புக்கு மேலே 125 கிலோ. என் பேரில் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்பக்கம் தணிந்திருந்தபோது வண்டி என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 3,860 டாலர் கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மணி ஒன்றரை ஆகிறது, காலையில் வேலை. ஆகவே சுருக்கமாக. சாமான், ஆள், தண்ணீர் எல்லாவற்றோடும் வே-பிரிட்ஜில் எடை போடுங்கள், பின் அச்சைத் தனியாகவும் போடுங்கள். அதற்குமுன் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு முதலில் சரியான ஸ்பிரிங், ஏர்பேக் எப்போதாவது ட்ரெய்லர் இழுக்கும்போது மட்டம் பார்க்க மட்டும். லீஃப் வண்டியா காயில் வண்டியா என்று பாருங்கள். தனித்தனிக் குழாய். ஜிவிஎம் பேப்பரில் உங்கள் வின் எண் இருக்கிறதா பாருங்கள். கார்டில் கொடுங்கள், சார்ஜ் போனால் போகட்டும், தகராறு வந்தால் வங்கியிடம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். எதற்குப் போடுகிறீர்கள் என்பதை எழுத்தில் அனுப்பிவிட்டுப் போடுங்கள். சொன்ன வேலைக்கு உதவாத பொருளுக்கும் கவனமில்லாத வேலைக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் நாம் எதைச் சொன்னோம் என்று காட்ட வேண்டுமே. நான் அதை ஷெட் வாசலில் வாயால்தான் சொன்னேன்.

விகேட்டில் (இப்படிப்பட்ட தகராறுகளை விசாரிக்கும் விக்டோரியா தீர்ப்பாயம்) கொடுக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இழந்த தொகை என்ற கட்டத்தில் 3,860 என்று போட்டுவிட்டேன். சேஸிஸுக்குக் கிழவர் சொன்ன தொகையையும் அதிலேயே சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் யாராவது கீழே சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போதும் வாட்ஸ்அப்பில் ஆன்லைனில்தான் இருக்கிறான்.