வேர் உட்பூசண உரம்: கத்தரிக்கு ஏற்றது, ஆர்க்கிட் விதைக்கு அன்று

வேர் எட்டாத மண்ணிடுக்குகளிலிருந்து பாஸ்பரஸ் எனும் மணிச்சத்தைக் கொண்டுவந்து தந்து, அதற்கு ஈடாகச் செடியின் சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும் வேர் உட்பூசணம் அடங்கிய இந்த உயிர் உரத்தைக் கத்தரி நாற்றங்காலில் விதைக்கு அடியில் இட்டேன். நாற்றுகள் ஊக்கமாக வளர்ந்தன. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இடுவோருக்கு இப்பலன் குறையும்.

ஆனால் உறையில் ‘ஆர்க்கிட் உட்பட எல்லாச் செடிகளுக்கும்’ என்று அச்சிட்டிருப்பதை ஏற்க இயலாது. முள்ளங்கியும் முட்டைக்கோசும் இப்பூசணத்துடன் இணைவதில்லை. தூசிபோல் நுண்ணிய ஆர்க்கிட் விதையோ, தன்னுள் போதிய உணவுச் சேமிப்பு இல்லாததால், இயற்கையில் முளைப்பதற்கே முற்றிலும் வேறான பூசணங்களை நம்பியிருக்கிறது. இவ்வுறவை 1899இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் வெளிப்படுத்தினார். ஆர்க்கிட் விதைக்க விரும்புவோர், 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டிய வழியில், பூசணமின்றியே, சர்க்கரை கலந்த அகர் (கடற்பாசிக் கூழ்) ஊடகத்தில் முளைக்கவைக்கும் ஆய்வகத்தை நாடுவதே நல்லது.