சிங்கப்பூரில் ஆயிரம் வெள்ளி: கிரெடிட் கார்டா, ஃபாரெக்ஸ் கார்டா, ரொக்கமா?

சிங்கப்பூர் போய்த் திரும்பி இரண்டு வாரம் கழித்து என் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. ஒவ்வொரு செலவுக்கும் கீழே மார்க்கப் என்று வங்கியின் கூடுதல் கட்டணம் ஒன்று, அதற்கும் கீழே ஜிஎஸ்டி என்று இன்னொரு தொகை. தனித்தனியாகப் பார்த்தால் முப்பது ரூபாய், எண்பது ரூபாய். கூட்டிப் பார்த்தால் எங்கள் குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. வருடக்கணக்காகச் சேர்த்துவைத்துப் போகிற பயணத்தில் அது சின்னத் தொகை இல்லை. அடுத்ததாக என் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து கிளம்புகிறது. அவளுக்காக உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கணக்குக்காக ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 1,000 வெள்ளி, அதாவது 65,000 ரூபாய். இதற்கு மேல் எவ்வளவு போகிறது?

கிரெடிட் கார்டில் விசா, மாஸ்டர்கார்டு போடுகிற மாற்று விகிதம் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். செலவு கூடுவது அதற்குப் பிறகு நம் வங்கி சேர்க்கிற மார்க்கப்பில்தான். பெரும்பாலான சாதாரண கார்டுகளில் அது 3.5 சதவீதம். அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம், 1,000 வெள்ளிக்கு 2,685 ரூபாய். மார்க்கப் 2 சதவீதமாக இருக்கிற உயர்வகைக் கார்டு என்றால் 1,534 ரூபாய். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. கையில் அப்படி ஒன்று இருந்தால் மற்ற வழிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அதிகம் இழந்தது மார்க்கப்பில் இல்லை. ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கடையில் 180 வெள்ளிக்கு ஒரு பயணப்பெட்டி வாங்கினோம். கல்லாவில் இருந்தவர் மெஷினை என் பக்கம் திருப்பவே இல்லை. ரசீது கைக்கு வந்தபோது தொகை ரூபாயில் இருந்தது. அன்றைய விலையைவிட வெள்ளிக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கூடுதல். அந்த மெஷின் வழக்கமாக, ரூபாயிலா வெள்ளியிலா என்று கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் பழகிய கணக்கு, எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும் என்று தோன்றும். அந்த நிம்மதிக்குத்தான் விலை வைக்கிறார்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தைப் போடுவது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை, கடைக்காரரின் வங்கியும் அதோடு சேர்ந்த நிறுவனமும். அவர்கள் 5 சதவீதம் கூட்டிப் போட்டால் 1,000 வெள்ளிக்கு 3,250 ரூபாய். ரூபாயில் செலவழித்ததால் நம் வங்கி சும்மா விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த செலவுக்கு 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் வாங்குகிற வங்கிகள் இருக்கின்றன. அது ஏறக்குறைய 805 ரூபாய். ஆக மொத்தம் 4,055. மார்க்கப் இல்லாத கார்டை வைத்திருப்பவருக்கும் இந்த இடத்தில் தப்ப வழி கிடையாது.

அதனால் மெஷினைக் கையில் வாங்கிப் பாருங்கள், எஸ்ஜிடி, அதாவது சிங்கப்பூர் வெள்ளி, என்பதையே அழுத்துங்கள். ரசீதில் ரூபாய் வந்துவிட்டால் அங்கேயே நின்று, அதை ரத்து செய்து வெள்ளியில் மறுபடி போடச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுப்பதற்குத் தனிக் கட்டணம், மார்க்கப் வேறு.

அடுத்து ஃபாரெக்ஸ் கார்டு. கிளம்பும் முன்பே வெள்ளியாக வாங்கி ஏற்றிக்கொள்வதால், பிறகு விலை ஏறினாலும் நமக்குக் கவலையில்லை. அங்கே தேய்க்கும்போது மார்க்கப்பும் இல்லை. செலவு முழுக்க வாங்குகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. சந்தையில் 65 என்றால் நமக்கு 66.30 என்பார்கள். 1,000 வெள்ளிக்கு 1,300 ரூபாய் அதில் போகும். கரன்சி மாற்றுவதற்கான ஜிஎஸ்டி 119 ரூபாய். கார்டு கட்டணம் 300 என்றால் வரியோடு 354. மொத்தம் 1,773. சாதாரண கிரெடிட் கார்டைவிட 900 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மீந்த வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால், அவர்கள் வாங்குவதற்கென்று வைத்திருக்கிற குறைந்த விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள், போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நஷ்டம். அப்புறம், சிங்கப்பூர் வெள்ளி மட்டும் ஏற்றிய கார்டை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போய் ரிங்கிட்டில் தேய்த்தால், கரன்சி மாற்றுவதற்கு 3 சதவீதத்துக்குக் குறையாமல் பிடிக்கிற கார்டுகள் உண்டு.

ரொக்கம் பலருக்கும் பழைய வழியாகத் தோன்றும். மார்க்கப் இல்லாத கார்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அதுதான் மலிவாக வருகிறது. ஊருக்குள் இருக்கிற மணி சேஞ்சரிடம் நாலு இடம் விசாரித்து 1 சதவீதக் கூடுதலுக்கு வாங்க முடிந்தால், ஜிஎஸ்டியோடு 768 ரூபாய்தான் போகும். விமான நிலையத்தில் அதே வெள்ளிக்கு நிறையக் கூடக் கேட்பார்கள். நம்மூர் நோட்டை 25,000 ரூபாய் வரை கையில் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறது. லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம், முஸ்தபா சென்டரை ஒட்டி, ரூபாயை வாங்கி வெள்ளி கொடுக்கிற மணி சேஞ்சர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று கடைப் பலகையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். உணவங்காடி நிலையங்களில் வயதானவர்கள் நடத்துகிற கடைகளுக்கு ரொக்கம்தான் வசதி. தொலைந்தால் போனதுதான் என்கிற பயம் மட்டும் உண்டு.

யுபிஐ பற்றித் தங்கை கேட்டாள். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பணம் அனுப்பும் முறையான பேநவ்வோடு யுபிஐயை இணைத்தது ஒருவர் இன்னொருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்கு. கடைகளில் சில இடங்களில் யுபிஐ எடுக்கிறார்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்ப முடியாது.

ரயிலுக்கும் பேருந்துக்கும் கார்டைத் தொட்டாலே போதும். வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கட்டணம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். அங்கேயே பயண அட்டை வாங்கினால் அட்டைக்கு மட்டும் 5 வெள்ளி போகும், திரும்ப வராது. ஐந்து நாள் பயணத்துக்கு 60 காசு கொடுப்பதே குறைவு.

டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுப் பணம் வாங்கும்போதே பிடிக்கிற வரி, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குகிற ரொக்கமும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதையும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் தேய்க்கிற கிரெடிட் கார்டையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதாக 2023 மே மாதம் அறிவித்து, ஜூன் கடைசியில் அரசே நிறுத்திவைத்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பொருட்டே இல்லை.

சரி, அப்படியானால் கிரெடிட் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா? கூடாது. ஹோட்டலில் நுழைந்ததும் முன்பணமாக 200, 300 வெள்ளியை நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பில் மட்டும் குறையும். ஃபாரெக்ஸ் கார்டில் நம் சொந்தப் பணமே முடங்கும், விடுவிக்கப் பல நாள் ஆகலாம். அதற்குள் நாம் ஊர் திரும்பியிருப்போம். பெரிய செலவில் ஏதாவது தகராறு வந்தாலும் கிரெடிட் கார்டில் பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியிடம் முறையிடலாம்.

தங்கைக்கு நான் சொன்னது இது: 300 வெள்ளி ரொக்கம், 600 வெள்ளி ஃபாரெக்ஸ் கார்டில், ஹோட்டலுக்கும் அவசரத்துக்கும் மாப்பிள்ளையின் கிரெடிட் கார்டு. அந்தக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புவதற்கு முன்பே ஆப்பில் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கிற கார்டுகளில் அது மூடியேதான் வருகிறது, நாமாகத் திறந்தால்தான் உண்டு.