ராஜேந்திர சோழன் மறுபடி கடாரம் போனான்: ஏர் இந்தியா ஜம்போ லிவரித் தொகுப்பு, ஒரு மதிப்புரை

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டருக்காக ஃபெலிஸ் உருவாக்கியுள்ள போயிங் 747-200 விமானத்துக்கு, ஜம்போ என்று அழைக்கப்பட்ட ஏர் இந்தியாவின் பழைய 747-களின் தோற்றத்தை அளிக்கும் லிவரித் தொகுப்பு, அதாவது வெளிப்புற வண்ணப்பூச்சுத் தொகுப்பு ஒன்றை ஆர்வலர் ஒருவர் இலவசமாக வெளியிட்டிருக்கிறார். விமானத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வண்ணப்பூச்சுக்குக் காசில்லை. ஆனாலும் மூன்று வாரங்கள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய பிறகு, என் மாலைப் பொழுதுகளைக் கொள்ளை கொண்டது விமானமா வண்ணப்பூச்சா என்று கேட்டால், தயங்காமல் வண்ணப்பூச்சு என்றே சொல்வேன். ஆகவே இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சிறுவயதில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு பயண முகவர் அலுவலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏர் இந்தியா ஜம்போவின் மாதிரி ஒன்று நின்றுகொண்டிருக்கும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதன் சன்னல்களை எண்ணத் தொடங்குவேன். ஒருமுறைகூட எண்ணி முடித்ததில்லை. ஒவ்வொரு சன்னலையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோகா மாடத்தைப் போலச் சிவப்பு வளைவு ஒன்று தீட்டப்பட்டிருக்கும். 'வானில் உங்கள் மாளிகை' என்பது 1971-இல் ஜம்போக்கள் வந்தபோது நிறுவனம் வைத்த விளம்பர வாசகம். அந்த வாசகத்தை ஒரு சொல்லும் இல்லாமல் சொன்னவை அந்த வளைவுகள். எனவே ஏர் இந்தியா லிவரி எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போகுமிடம் சன்னல்தான். வால் சரியாக இருந்து சன்னல் பிசகினால் அது எனக்கு ஏர் இந்தியா அன்று.

இந்தத் தொகுப்பில் முன்பாதியின் சன்னல்கள் மிக அருமையாக அமைந்திருக்கின்றன. கேமராவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால் வளைவின் உச்சியில் இருக்கும் சிறு கூர்மைகூடத் தெளிவாகத் தெரிகிறது. கதவுகள் வரும் இடத்தில் வளைவுகளின் வரிசையை நிறுத்தி, கதவு தாண்டியதும் அதே இடைவெளியில் தொடர்ந்திருக்கும் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் இறக்கையைக் கடந்து பின்னால் செல்லச் செல்ல வளைவுகள் மெல்ல நழுவுகின்றன. நான்காம் கதவை நெருங்கும்போது வளைவு ஒருபுறமும் சன்னல் சற்று மறுபுறமுமாக, பொட்டு இடம் மாறி ஒட்டிக்கொண்ட நெற்றிபோலத் தோன்றுகிறது. தட்டையான ஒரு படத்தை உருண்ட உடலின்மேல் போர்த்தும்போது சுருங்கும் இடத்தில் அளவு மாறும் என்பதைத் தீட்டியவர் கணக்கில் கொள்ளவில்லை போலும். பறக்கும்போது இது தெரியாது. பழைய படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இந்தத் தொகுப்பைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் அப்படிப் பார்க்கிறவர்கள்தாம்.

இரண்டாவது குறை, நிறுவனத்தின் பெயரை இந்தியில் காட்டும் நாகரி எழுத்தில் இருந்தது. 'இந்தியா' என்னும் சொல்லின் உயிர்க்குறிகள் எழுத்தை விட்டு விலகி, தனியே ஒரு வட்டத்தோடு நின்றன. கணினியில் தமிழ் தட்டச்சு செய்து கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகப் பிரிந்து நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு நோய் இன்னதென்று உடனே புரியும்: இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத வரைகலை மென்பொருளில் அந்தப் பெயரை ஒட்டியிருக்கிறார். இதைச் சுட்டி எழுதினேன். பத்து நாளில் திருத்திய பதிப்பு வந்தது. எழுத்து இப்போது ஒழுங்காக நிற்கிறது. சன்னலைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதியிருந்தேன். அது அப்படியேதான் இருக்கிறது.

சிவப்பு நிறம் என் சுவைக்குச் சற்று அதிகம். எழுபதுகளின் புகைப்படங்கள் வெளிறிப்போனவை என்பதால் அவற்றை நம்பி நிறத்தைத் தேர்வு செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் பளபளக்கும் புதுச் சிவப்பைவிட, வெயில் பட்டு ஒரு படி இறங்கிய சிவப்பே நினைவில் இருப்பது. மேல்தளத்தைப் பற்றி ஒரு குறிப்பு: தொடக்க கால ஜம்போக்களின் மேல்தளத்தில் பக்கத்துக்கு மூன்று சன்னல்களே இருந்தன, பின்னர் வந்தவற்றில் அது பத்தானது. இந்தத் தொகுப்போ எல்லா விமானங்களுக்கும் ஒரே மேல்தளத்தை வைத்துவிடுகிறது.

ஏர் இந்தியா தன் 747-200 விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தது. அசோகர், ஷாஜகான், அக்பர், விக்ரமாதித்யன் என நீளும் அந்த வரிசையில் நம்மவர் இருவர் உண்டு: விடி-இபிஎன் என்னும் பதிவெண் கொண்ட ராஜேந்திர சோழன், விடி-இஜிபி மகேந்திரவர்மன். இருவரையும் தொகுப்பில் பார்த்தபோது வேறெதையும் திறக்கத் தோன்றவில்லை. தீட்டியவர் கனிஷ்கரைச் சேர்க்கவில்லை. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் குண்டு வெடித்து 329 பேருடன் அழிந்த விமானம் அது. அதை ஒரு பொழுதுபோக்குக்காக மறுபடி எழுப்பாமல் விட்டது சரியென்றே நினைக்கிறேன். 1978 புத்தாண்டு இரவில் பம்பாய்க் கடலில் விழுந்த அசோகர் மட்டும் ஏன் சேர்ந்தது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. நான் அதை இதுவரை ஓட்டவில்லை.

ராஜேந்திர சோழனைக் கொண்டு எங்கே போவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவன் கடற்படை சென்ற கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. அதற்கு அருகிலுள்ள பெரிய விமான நிலையம் பினாங்கு. மீனம்பாக்கத்திலிருந்து சுமார் 2,350 கி.மீ.; வழியில் அவனுடைய மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபார் தீவுகள். ஏர் இந்தியா இந்த வழியில் ஜம்போவை இயக்கியதா என்பது எனக்குத் தேவைப்படவில்லை. சிமுலேட்டர் வைத்திருப்பதன் சுகமே அதுதான்.

புறப்படும் முன்புதான் 747-200 தன் வயதைக் காட்டுகிறது. இதில் வழியைத் தானே அறிந்து வரைபடமாகக் காட்டும் திரை கிடையாது. விமானத்தின் அசைவை வைத்தே அது இருக்குமிடத்தைக் கணக்கிடும் ஐஎன்எஸ் எனும் பெட்டிகள் இருக்கின்றன. நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நாமே எண்களாக அழுத்திச் சொன்னால்தான் அவற்றுக்கு உலகம் புரியும். எண் பலகையில் 2-இன் மேல் வடக்கு, 6-இன் மேல் கிழக்கு. சென்னைக்கு 2 அழுத்தி வடக்கு என்று சொல்லி, பிறகு 1, 2, 5, 9, 7: வடக்கு 12 டிகிரி 59.7 நிமிடம். அதன்பின் உள்ளேயிருக்கும் கைரோக்கள் எனும் சுழல் கருவிகள் நிலைபெறும் வரை கால் மணி நேரம்போலக் காத்திருக்க வேண்டும். அந்நேரத்தில் விமானத்தை ஓர் அடிகூட நகர்த்தக்கூடாது. வழிப்புள்ளிகளுக்கு ஒன்பது இடங்கள் மட்டுமே. நிக்கோபாருக்கு ஒன்று, பினாங்குக்கு ஒன்று, இடையில் கடலில் இரண்டு என்று நான்கோடு முடித்துக்கொண்டேன். முதல் முறை தீர்க்கரேகையில் ஓர் எண்ணை மாற்றி அழுத்தி, விமானம் திசை மாறிக் கிளம்பியதை இருபது நிமிடம் கழித்தே கண்டுபிடித்தேன், பிழை என்னுடையது.

மூவர் அமர்ந்து ஓட்டிய விமானத்தை ஒருவராக ஓட்டுவதென்றால் வலப்புறம் பின்னால் இருக்கும் பொறியாளர் இருக்கைக்கு அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கிறது. எரிபொருள் தொட்டிகள், மின்னாக்கிகள், கேபின் அழுத்தம் என்று சுவர் முழுவதும் முட்களும் குமிழ்களும். ஃபெலிஸின் உழைப்பு இங்கேதான் துலங்குகிறது. ஒரு குமிழைத் திருப்பினால் அதற்குரிய முள் உடனே குதிக்காமல், யோசித்து நகர்வதுபோல நகர்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம் என்பதால் இங்கே நிறுத்துகிறேன்.

நிக்கோபாருக்கு மேலே வெளிக் கேமராவுக்கு மாறினேன். மாலை வெயில் பின்னாலிருந்து சாய்ந்து விழ, சிவப்பு வளைவுகளின் வரிசை முழுவதும் ஒருசேர ஒளிர்ந்தது. நழுவிய பின்பாதி அந்த ஒளியில் தெரியவில்லை. 2023-இல் ஏர் இந்தியா அறிவித்த புதிய தோற்றத்தில் சன்னலுக்குச் சன்னல் வளைவு கிடையாது. அந்தச் சன்னலின் உச்சி மட்டும் பொன்னிறச் சின்னமாக மிஞ்சியிருக்கிறது. புதியது அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

நிறுவுவது எளிது: பதிவிறக்கிய கோப்புறையை விமானத்தின் லிவரிக் கோப்புறைக்குள் வைத்தால் போதும். படங்கள் 4096 புள்ளி அகலத்தில் இருப்பதால், வரைகலை நினைவகம் குறைந்த கணினி வைத்திருப்போர் சிமுலேட்டரின் படத்தரத்தை ஒரு படி குறைத்துக்கொள்வது நல்லது. என் பழைய கணினி பினாங்கில் தரையிறங்கும்போது இருமுறை திக்கியது. முதல் பதிப்பை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள் அதை நீக்கிவிட்டு, நாகரி எழுத்து திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளவும்.