ஜியாங்ஷுய் நூடுல்ஸ்: செலரி ஜாடியா, கூஜூ ஜாடியா?

சீனாவின் கன்சு மாகாணத்தில் கோடைச் சாப்பாடு என்றால் ஜியாங்ஷுய் மியன். கீரையை மாவுக் கஞ்சியில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர்தான் ஜியாங்ஷுய். அதுவே இந்த நூடுல்ஸுக்குக் குழம்பு. மாகாணத் தலைநகர் லான்ஜோவின் ஜாடிகளில் பெரும்பாலும் செலரி. தியன்ஷுய் நகரப் பக்கம் கூஜூ என்ற கசப்புக் கீரைக்குத் தனி மவுசு.

செலரியில் தண்டு மெலிந்த சீன வகையே வேண்டும். தடித்த தண்டில் மணம் போதாது. அரைக் கிலோவை நறுக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் வாட்டினால் போதும். கூடுதலாக வெந்தால் ஜாடியில் குழைந்துவிடும். கூஜூவை வாட்டியபின் குளிர்ந்த நீரில் அலசி இறுகப் பிழிய வேண்டும். பிழிவதில் சோம்பினால் கசப்பு முழுக்கக் குழம்பில் இறங்கும். நன்றாகப் பிழிந்ததிலோ, புளிப்பு அடங்கியபின் மெல்லிய கசப்பு நாக்கில் தங்கும். அந்தச் சுவை செலரியில் கிடைக்கவே கிடைக்காது. முட்டைகோஸும் போடுவார்கள், மணத்தில் இரண்டுக்கும் பின்னால்தான்.

கஞ்சி எதற்கும் ஒன்றே: 2 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி கோதுமை மாவு. மாவு கூடினால் கொழகொழக்கும். கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பழைய ஜியாங்ஷுய் ஒரு கிண்ணம் உறை ஊற்றுங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். உறையோடு வெயில் நாளில் 2 நாள். உறையில்லாமல் 4, 5 நாள்.

ஜாடிக்குள் எண்ணெய் பட்ட கரண்டி போகவே கூடாது. தினமும் ஒருமுறை கிளறாவிட்டால் மேலே வெண்படலம் பூக்கும். மெல்லியதாக இருந்தால் வழித்தெடுக்கலாம். நிறமுள்ள பூஞ்சையோ அழுகல் வாடையோ வந்தால் ஜாடியையே கொட்டிவிடுங்கள். எடுத்த அளவுக்கு, நூடுல்ஸ் வெந்த உப்பில்லாத நீரை ஆறவைத்து ஊற்றி வந்தால் ஜாடி தொடர்ந்து ஓடும்.

தாளிப்பில் வித்தியாசமில்லை: சூடான எண்ணெயில் சிச்சுவான் மிளகு, காய்ந்த மிளகாய், பூண்டு, அதில் வேண்டிய அளவு ஜியாங்ஷுய், உப்பு. ஒரு கொதியில் இறக்குங்கள். மெல்லிதாக வெட்டிய நூடுல்ஸ் மேல் சூடாகவும் ஊற்றலாம், ஆறவைத்தும் ஊற்றலாம். லான்ஜோவில் பக்கத்தில் பன்றிக்கால் வைப்பார்கள். புளிப்பு அதன் கொழுப்பை வெட்டும். தாளித்ததில் மிஞ்சியதை ஜாடியில் திருப்பி ஊற்றாதீர்கள்.

முதல் ஜாடி செலரியாக இருக்கட்டும். அது நன்றாகப் புளித்தபின் அதிலிருந்தே உறை எடுத்துக் கூஜூ போடுங்கள்.